கோக்கர் கற்றுத் தந்த பாடம்

கோக்கர் என்றால் உங்களுக்கு ஃபோர்செப்ஸ்தான் ஞாபகம் வரும். தைராய்டு ஆபரேஷனுக்குக் கை கழுவும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரே ஞாபகம் வருவார்.

1841-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிறந்த தியோடர் கோக்கர், 1872-ல் அங்கேயே பேராசிரியரானார். அந்த மலைநாட்டில் கழுத்துக் கழலை சர்வ சாதாரணம். ஆபரேஷன் செய்தால் ரத்தப்போக்கிலேயே பலர் போய்விடுவார்கள். குரல் நரம்போ சிலருக்குத் தமனியின் முன்னால் போகும், சிலருக்குப் பின்னால், சிலருக்குக் கிளைகளின் நடுவே. பிரமிடு மடல் சிலருக்கு உண்டு, சிலருக்குக் கிடையாது. ஆளுக்கு ஆள் மாறும் அந்தக் கழுத்தில் ரத்தம் சிந்தாமல், நிதானமாக அறுத்துச் சாவைக் குறைத்தார் கோக்கர்.

சுரப்பி எதற்கென்றே அன்று தெரியாது. முழுசாக எடுத்தவர்களைத் திரும்ப அழைத்துப் பார்த்தார். வந்த 18 பேரில் 16 பேர் உடம்பு ஊதி, புத்தி மந்தமாகி நின்றார்கள். 1883-ல் பெர்லின் மாநாட்டில் அதை மறைக்காமல் சொன்னார். சாதாரணக் கழலைக்கு முழுச் சுரப்பியையும் எடுப்பதை அத்தோடு விட்டார். 1909-ல் நோபல் பரிசு பெற்றார், 1917-ல் மறைந்தார்.

இன்று தைராக்ஸின் மாத்திரை இருக்கிறது, தைரியமாக முழுசும் எடுக்கிறோம். ஆனாலும் தையல் பிரித்ததோடு நோயாளியை மறந்துவிடாதீர்கள் என்று நம் ஜூனியர்களுக்குச் சொல்லி வையுங்கள்.