நாடிழந்த இளவரசி நிலூஃபர்

உஸ்மானிய சுல்தான் ஐந்தாம் முராதின் வழித்தோன்றலான நிலூஃபர், 1916-ல் இஸ்தான்புல்லில் பிறந்தார். இரண்டு வயதில் தந்தையை இழந்தார். 1924-ல் கிலாஃபத் ஒழிக்கப்பட்டு அரச குடும்பம் நாடு கடத்தப்பட்டபோது, எட்டு வயதில் தாயுடன் பிரான்சின் நீஸ் நகரில் தஞ்சமடைந்தார்.

1931-ல் ஹைதராபாத் நிஜாமின் இரண்டாவது மகன் முஅஸ்ஸம் ஜாஹுடன் அங்கே நிக்காஹ் நடந்தது. ஹைதராபாத் வந்தவரின் அழகையும் உடையலங்காரத்தையும் ஊரே பேசியது. ஆனால் குழந்தை பாக்கியம் மட்டும் வாய்க்கவில்லை.

அவருடைய பணிப்பெண் ஒருவர் தக்க சிகிச்சையின்றிப் பிரசவத்தில் இறந்துபோனார். மனமுடைந்த நிலூஃபர், மாமனாரான நிஜாமிடம் முறையிட்டார். தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் அவர் பெயரிலேயே மருத்துவமனை உருவானது. 1953-ல் அது செயல்படத் தொடங்கியபோது, 1952-லேயே மணமுறிவு ஏற்பட்டுவிட்டது.

1989-ல் பாரிஸில் மறைந்த அவர், அருகிலுள்ள பொபினி முஸ்லிம் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார். ஹைதராபாத்தின் ஏழைத் தாய்மார்கள் இன்றும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நிலூஃபர் மருத்துவமனைக்குத்தான்.