அல்பிரட் றசல் வாலசு

இயற்கைநூற் புலவராகிய அல்பிரட் றசல் வாலசு என்பார் 1823ஆம் ஆண்டு வேல்சு நாட்டெல்லையிலுள்ள அசுக்கு என்னும் ஊரிற் பிறந்தவர். வறுமையினால் இளமையிலேயே பள்ளியை விட்டார். 1858இல் அவர் டார்வினுக்கு அனுப்பிய கட்டுரையை ஆசிரியர் பலரும் அறிவர்; அவர்தம் தோணிப் பயணங்களை அறிந்தோர் சிலரே.

1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்திலே பறவைகளையும் பூச்சிகளையும் தேடித் திரிந்தார். கப்பல் செல்லாத தீவுகள் அங்கே பல. ஆதலின் அந்நாட்டார் தோணிகளே அவர்க்கு ஊர்தியாயின. 1856 டிசெம்பரில் மேல்காற்றோடு மக்காசரிலிருந்து ஆருத் தீவுக்குச் சென்றவர், கீழ்காற்றை எதிர்பார்த்திருந்து 1857 யூலையிலேதான் மீண்டார்.

1860இற் கோரம் தீவிலே சிறு தோணியொன்றை வாங்கி, உளியெடுத்துத் தாமே செப்பஞ்செய்து புறப்பட்டார். முதல் மாலுமிகள் ஓடிப்போயினர். வேறு ஆட்களோடு வைகியோத் தீவை நோக்கிச் செல்லும்போது, தோணியைக் கட்டுதற்குக் காட்டுக்கொடி வெட்டுமாறு இருவர் ஆளில்லாத் தீவொன்றுக்கு நீந்திச் சென்றனர். அவ்வேளை நங்கூரம் வழுவிற்று. நீரோட்டம் தோணியை இழுத்துச் சென்றது. எவ்வளவு முயன்றும் திரும்ப இயலவில்லை. வைகியோவை அடைந்ததும் வாலசு கூலி பேசி ஒரு படகை அனுப்பினார். அது வெறுமையாய் மீண்டது. மறுபடியும் அனுப்பினார். ஒரு மாதமாகக் கிழங்கும் சிப்பியும் ஆமைமுட்டையும் உண்டு உயிர்தாங்கிய இருவரும் மெலிந்த உடலோடு வந்துசேர்ந்தனர். அவர்தம் ஆராய்ச்சிகள் அனைத்தினும் அவ்விரண்டாம் படகே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

1858இற் பச்சான் தீவிலே, சிறகில் நீண்ட வெள்ளிறகுகளையுடைய புதிய சுவர்க்கப் பறவையொன்றை முதலிற் கொணர்ந்தவர் அலி என்னும் மலாய் இளைஞர். பறவை வாலசின் பெயரைப் பெற்றது. எனினும் 1869இல் வெளியிட்ட பயண நூலில், அதனைக் கொணர்ந்தவர் அலியே என்பதை அவர் மறையாது எழுதினார். 1913இற் காலமானார்.