ராமானுஜன் வயித்துல என்ன இருந்தது?

போன பொங்கல் லீவுல நெற்குப்பையில எங்க அக்கா பையன் அஞ்சு ரூபாய்க் காசை முழுங்கிட்டான். அப்பத்தா வாழைப்பழத்தை உரிச்சுக்கிட்டு வர, நாங்க அவனைத் தூக்கிக்கிட்டு பொன்னமராவதிக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில காசு வட்டமா, பளிச்சுனு தெரிஞ்சது. இரைப்பைக்குப் போயிடுச்சு, தானா வந்துடும்னு டாக்டர் சொன்னார். மூணாம் நாள் வந்துடுச்சு. (பட்டன் பேட்டரியா இருந்தா இப்படிக் காத்திருக்கக் கூடாது. உணவுக்குழாய்ல சிக்கினா சில மணி நேரத்துலயே அரிச்சுடும்.)

காசு படத்துல தெரியும். தெரியாத ஒண்ணை முழுங்கியிருந்தா? நீங்க தினமும் கணக்குப் புத்தகத்துல பார்க்குற ஒருத்தருக்கு அதுதான் நடந்திருக்கணும்.

சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். அவர் எஃப்.ஏ. பரீட்சையில தோத்த கதை உங்களுக்குத் தெரியும், அரியர் வெச்ச எல்லாரும் சொல்லிக்கிற கதை அது. அதே 1906-ல் நடந்த இன்னொண்ணை யாரும் சொல்றதில்லை. சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் படிக்கும்போது அவருக்குச் சீதபேதி வந்தது. படிப்பை விட்டுட்டு ஊருக்குத் திரும்பி, சில மாதம் கிடந்து தேறினார். பேதி நின்னுது. எல்லாரும் மறந்துட்டாங்க.

சீதபேதிக்கு ஒரு முக்கியக் காரணம் அமீபா. அசுத்தமான தண்ணியோட உள்ளே போற அதன் முட்டைக்கூடு ஒரு மில்லிமீட்டர்ல சுமார் நூறுல ஒரு பங்குதான். பெருங்குடலைப் புண்ணாக்கிட்டு, சில பேருக்கு ரத்தத்தோட ஈரலுக்குப் போய் உட்கார்ந்துடும். பேதி நின்னு பல வருஷம் கழிச்சுக் கூட அங்கே சீழ் கட்டலாம். அப்போ மலத்தைச் சோதிச்சா பெரும்பாலும் ஒண்ணும் கிடைக்காது. குடல்ல ஆரம்பிச்ச வியாதி, குடலைப் பார்த்தா தெரியாது.

1914 மார்ச் 17-ல் கப்பலேறினார். கேம்பிரிட்ஜ்ல மூணு வருஷம் ஹார்டியோட வேலை செஞ்சார். முதல் உலகப் போர் நடந்துக்கிட்டிருந்த காலம், காய்கறிக்கே தட்டுப்பாடு. சைவம் விடாதவர், தானே சமைச்சார், நேரத்துக்குச் சாப்பிடலை. 1917 வசந்தத்துல படுத்தார். முதல்ல இரைப்பைப் புண்ணுன்னாங்க. 1910-ல அவருக்கு விரைவீக்க அறுவை நடந்திருந்தது, அது உண்மையில புற்றுநோயாகி ஈரலுக்குப் பரவிடுச்சோன்னு ஒரு டாக்டர் நினைச்சார். கடைசியில காசநோய்னு நின்னுது. மெண்டிப், மேட்லாக், லண்டன், பட்னின்னு மருத்துவமனை மாத்தி மருத்துவமனை. காசநோய்க்கு அன்னிக்கு மருந்து கிடையாது, குளிர்ந்த காத்துதான் வைத்தியம். கும்பகோணத்துக்காரரை இங்கிலாந்துக் குளிர்ல திறந்த ஜன்னலுக்குப் பக்கத்துல படுக்க வெச்சாங்க. நடுவுல, 1918-ல், எஃப்.ஆர்.எஸ். பட்டம் வந்தது.

டாக்டர்களை மட்டும் குத்தம் சொல்லிட முடியாது. ஸ்கேன் இல்லாத காலம். ராமானுஜனும் சொன்னபடி கேக்குற நோயாளி இல்லை. ஆனா என்னை உறுத்துறது வேற. அமீபாவுக்கு எமட்டின் ஊசி பலன் தரும்னு லியோனார்ட் ராஜர்ஸ் 1912-லேயே கல்கத்தாவில் காட்டிட்டார். மருந்து இருந்தது. வியாதியோட பேர்தான் கிடைக்கலை.

1919-ல் ஊர் திரும்பினார். இங்கேயும் காசநோய்னே வைத்தியம் நடந்தது. படுத்த படுக்கையிலேயே 1920 ஜனவரியில் ஹார்டிக்குப் புதுக் கணக்குகளோட கடிதம் எழுதினார். ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் இறந்தார். வயசு 32. நம்ம கோட்டையூர் அழகப்பச் செட்டியார் சென்னையில அவர் பேர்ல கணித நிலையம் தொடங்கினது அதுக்கு முப்பது வருஷம் கழிச்சு, 1950-ல்.

1994-ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய கடிதங்களையும் மருத்துவக் குறிப்புகளையும் தோண்டி, அது பெரும்பாலும் ஈரல் அமீபா நோயாத்தான் இருந்திருக்கும்னு எழுதினார். அவருக்குப் பெரிய துப்பு, அந்தப் பழைய பேதி.

அதே 1994 ஏப்ரல்லதான் ஜானகி அம்மாள் காலமானாங்க. இருபத்தோரு வயசுல கணவரை இழந்து, திருவல்லிக்கேணியில தையல் தெச்சு வாழ்ந்தவங்க. வலி வந்தப்போ அவர் காலுக்கும் மார்புக்கும் ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வெச்ச ரெண்டு பாத்திரத்தை ரொம்ப காலம் பத்திரமா வெச்சிருந்தாங்க.