ஒலியின் ஒழுங்கைக் கண்ட சர் சி. வி. இராமன்

சர் சி. வி. இராமன் என்றதும் ஒளிச்சிதறலும் நோபல் பரிசுமே நம் நினைவுக்கு வரும். ஆயினும் பல ஆண்டுகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது ஒலியே. இன்று சில நூறு ரூபாய் விலையுள்ள மின்னணுச் சில்லு ஒன்று தம்பூராவாகவும் மிருதங்கமாகவும் ஒலிக்கிறது. அவ்வாத்தியங்களின் ஒலி நுட்பத்தை அன்றே ஆராய்ந்து விளக்கியவர் அவர்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்ததால், அங்குள்ள புனித அலோசியஸ் பள்ளியில் பயின்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் முதன்மையாகத் தேறி, 1907இல் கல்கத்தாவில் அரசாங்க நிதித் துறையில் உயர் பதவி ஏற்றார். அலுவலக நேரம் போக, காலையும் மாலையும் பவுபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917இல் அப்பெரும் பதவியைத் துறந்து, குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானார்.

சாதாரணத் தோற்கருவியைத் தட்டினால் எழும் துணைச்சுரங்கள் ஒன்றோடொன்று இசையா. மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் சுரம் பேசுவதேன்? தோல்மேல் மெல்லிய மணலைத் தூவி, அது அதிரும்போது மணல் ஒதுங்கும் கோலங்களை இராமன் ஆராய்ந்தார். நடுவிலிடும் 'சோறு' என்னும் கரிய பூச்சே, துணைச்சுரங்களை 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதத்தில் அமைக்கிறது என்று 1920இலும் 1934இலும் எழுதிய கட்டுரைகளில் விளக்கினார். தம்பூராவின் வளைந்த குதிரையும் அதன்மேல் தந்திக்கு அடியில் இடும் நூலும் துணைச்சுரங்களைச் செழிக்கச் செய்வதையும் 1921இல் எடுத்துக்காட்டினார்.

முழு எண் விகிதமுள்ள ஒலியில் அலை ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வரும். ஆகவே ஓர் அலையை மட்டும் எண்களாக நினைவகத்தில் வைத்து, மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து, ஓசையைச் சிறிது சிறிதாகக் குறைத்தாலே போதும். சிறு சில்லுக்கும் சிறு பாட்டரிக்கும் அது எளிது. கோவில் மணியின் நாதமோ அவ்வாறு அடங்காது. அதன் துணைச்சுரங்களைத் தனித்தனியே கணக்கிட வேண்டும். அதற்கு வேலை அதிகம்.

1928 பெப்ரவரி 28இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தலைவரானார். அங்கே சேர வந்த கமலா பாக்வத் என்னும் மாணவிக்கு, பெண் என்ற காரணத்தால் முதலில் இடந்தர மறுத்தார். கமலா பின்வாங்கவில்லை. ஓராண்டுச் சோதனைக் காலத்துக்குச் சேர்த்துக்கொண்ட இராமன், அவரது உழைப்பைக் கண்டு மனம் மாறிப் பெண்களுக்குக் கதவைத் திறந்தார். கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். தவறான எண்ணத்தை மாற்றிக்கொள்வதும் மேதையின் இலக்கணமே.

1954இல் பாரத ரத்னா பெற்ற இராமன், 1970 நவம்பர் 21இல் மறைந்தார்.

அன்பு மாணவிகளே! சுசீந்திரத்தின் இசைத் தூண்கள் நம் அருகிலேயே உள்ளன. இறைவன் படைப்பின் ஒழுங்கைக் காண விலையுயர்ந்த கருவிகள்தாம் வேண்டுமென்பதில்லை. ஒரு பிடி மணலும், கூர்ந்து கேட்கும் செவியும், ஏன் என்று கேட்கும் துணிவும் இருந்தால் நாமும் தொடங்கலாம்.