யாத்திரிகர்க்கு முன் நடந்தவர்: தாமஸ் குக் சரிதம்

பயணஞ் செய்வார்க்கு நேரும் இடையூறுகள் மூன்று. வழியறியாமை ஒன்று, கைப்பொருள் போதாமை ஒன்று, அயலூரார் வஞ்சிப்பரோ என்னும் அச்சம் ஒன்று. இம்மூன்றனையும் நீக்கி, எளியோரை ஊர்விட்டு ஊரும், பின்னர் நாடுவிட்டு நாடும் அழைத்துச் சென்றவர் தாமஸ் குக் என்னும் ஆங்கிலேயர். எகிப்தின் தொன்மையான கோயில்களையும் பாலஸ்தீனத்தின் திருத்தலங்களையும் ஒரே யாத்திரையிற் கண்டு மீளுமாறு திட்டம் வகுத்தவர் அவர். குக் என்பதை வாணிக நிலையமொன்றின் பெயராக நம்மிற் பலரும் அறிவோம். அப்பெயர்க்குரிய மனிதரை அறிந்தோர் சிலரே. ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அவர் கைக்கொண்ட முறை நம் நாட்டார்க்கு முற்றிலும் புதியதன்று. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களின் பழைய வரலாறு அறிந்தோர், பேட்டை என்னுஞ் சொல்லின் பொருளை அறிவர். கள்வர் அச்சம் மிகுந்திருந்த காலத்தில், மாட்டுவண்டிகளிற் சரக்கேற்றிச் சென்ற நாடார் வணிகர்கள் ஆங்காங்கே மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். வண்டியும் மாடும் சரக்கும் அவற்றுள் இரவைக் கழித்தன. அவற்றைப் பேணும் செலவுக்கு ஒவ்வொருவரும் மகமை என ஒரு சிறு தொகை செலுத்தினர். அம்மகமையே பிற்காலத்திற் கோயிலாகவும் கிணறாகவும் பள்ளிக்கூடமாகவும் வளர்ந்தது. ஒருவர் தனியே செய்யவொண்ணாததைப் பலர் தத்தம் சிறுபொருளை ஒன்றுசேர்த்துச் செய்து முடித்தல் என்னும் இக்கருத்தே குக்கின் வாழ்வுக்கும் அடிப்படையாயிற்று.

இங்கிலாந்து தேசத்து டெர்பிஷயர் ஜில்லாவில் மெல்பர்ன் என்னுஞ் சிற்றூரில், 1808-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் குக் பிறந்தார். அவர் குடும்பம் வறிய குடும்பம். குழவிப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பத்தாம் வயதிற் பள்ளியைவிட்டு நீங்கி, காய்கறித் தோட்டமொன்றில் நாளொன்றுக்கு ஒரு பென்னி கூலிக்கு உழைத்தார். பின்னர்த் தம் உறவினர் ஒருவரிடம் தச்சுவேலை பயின்றார். அச்சுத்தொழிலும் கற்றார். அச்சகங்களாற் பெயர்பெற்ற சிவகாசியை அடுத்து வாழும் நமக்கு இச்செய்தி தனி இன்பந் தருவதாகும். அவ்வச்சுப்பொறி அவர் வாழ்வில் எத்துணை உதவியது என்பது மேலே விளங்கும்.

1828-ஆம் ஆண்டில், பாப்டிஸ்டுச் சபையாரின் கிராம ஊழியராக அவர் அமர்ந்தார். அடுத்த ஆண்டில் மட்டும் அவர் சுற்றிய தொலைவு ஏறத்தாழ 2,700 மைல். அதில் 2,000 மைலுக்கு மேற்பட்ட தொலைவைக் கால்நடையாகவே கடந்தார். பிற்காலத்தில் இலட்சக்கணக்கான மக்களை வண்டியேற்றி அனுப்பியவர், வழிநடையின் வருத்தத்தைத் தம் கால்களால் அறிந்தவர் என்பதை நாம் மறத்தலாகாது. 1833-இல் மேரியன் மேசன் என்னும் நங்கையை மணந்து, மார்க்கெட் ஹார்பரோ என்னும் ஊரில் மரக்கடைசல் தொழில் நடத்தி வந்தார். அக்காலத்தில் உழைப்பாளர் தம் கூலியைக் குடியில் இழந்து நலிவதைக் கண்டு மனம் வருந்தி, மதுவிலக்கு இயக்கத்திற் பெருமுயற்சியுடன் ஈடுபட்டார்.

1841-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மதுவிலக்குக் கூட்டமொன்றிற்காக அவர் லெஸ்டர் நகர்க்கு நடந்து சென்றுகொண்டிருந்தார். புதிதாகத் தோன்றிய புகைவண்டியை இவ்வியக்கத்திற்குப் பயன்படுத்தலாகாதோ என்னும் எண்ணம் வழியில் அவருக்கு உதித்தது. புகைவண்டிக் கம்பெனியாரை அணுகி, பயணிகளைத் திரட்டித் தருவதாகவும், தனிவண்டி ஒன்றைக் குறைந்த கட்டணத்திற் கொடுக்கவேண்டுமென்றும் கேட்டார். அவ்வாறே ஜூலைத் திங்கள் 5-ஆம் நாள், சற்றேறக்குறைய ஐந்நூற்றுவர் லெஸ்டரிலிருந்து லஃப்பரோ சென்று மீண்டனர். போகவர ஆளொன்றுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். தச்சரும் நெசவாளரும் தம் மனைவி மக்களோடு புகைவண்டியில் இன்பச்செலவு மேற்கொள்ளலாம் என்பது அன்று வெளிப்பட்டது.

1845-இல் லிவர்ப்பூல் நகர்க்கு ஒரு பெரிய பயணத்தை ஏற்பாடு செய்தார். அதற்குமுன் தாமே அவ்வழி முழுவதும் சென்று, தங்கும் விடுதிகளைப் பார்வையிட்டு, கண்டவற்றைச் சிறுநூலாக அச்சிட்டுப் பயணிகள் கையிற் கொடுத்தார். முன் சென்று பார்த்தலும், பார்த்ததை அச்சிற் பொறித்தலும் அவருடைய தொழிலின் இரு கண்களாயின. எனினும் எல்லாம் நினைத்தவாறு முடிந்தில. 1846-இல் ஸ்காத்லாந்துக்கு அழைத்துச் சென்றபோது, வழியிற் கிடைக்குமென்று சொன்ன தேநீர் கிடைக்கவில்லை. பயணிகள் பசியோடும் சினத்தோடும் ஊர் சேர்ந்தனர். பிறர் வாக்கை நம்பித் தாம் வாக்களித்தல் எத்துணை இடர் என்பதை அந்நிகழ்ச்சி அவர்க்கு உணர்த்தியது. 1851-இல் லண்டனில் நிகழ்ந்த பெரும் பொருட்காட்சிக்கு அவர் அழைத்துச் சென்றோர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர்.

1855-இல் முதன்முறையாக ஐரோப்பாக் கண்டத்தில் அடியெடுத்து வைத்தார். 1862-இல் ஸ்காத்லாந்துப் புகைவண்டிக் கம்பெனியார் குறைந்த கட்டணச் சீட்டுகளை மறுத்துவிடவே, அவர் சோர்ந்திலர். அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்துக்கு வழி திறந்தார். செல்வர்க்கும் பிரபுக்கட்கும் மட்டுமே உரியவாயிருந்த இடங்களிற் சாமானியர் கூட்டமாய் வந்து நிற்றல் கண்டு சிலர் பொறாராயினர். 1865-இல் சார்ல்ஸ் லீவர் என்னும் நூலாசிரியர் குக்கின் கூட்டத்தாரைப் பத்திரிகையில் எள்ளி நகையாடினார். குக் அவர்க்குத் தம் அச்சகத்தின் வாயிலாகவே மறுமொழி கூறினார். உலகத்தின் அழகு ஒரு வகுப்பாரின் தனியுடைமையாகாது என்பதே அதன் சாரம்.

மறைநூலைப் படித்து வளர்ந்த அவர் உள்ளத்தில், பாலஸ்தீன யாத்திரை நெடுநாளாக ஊன்றியிருந்தது. அதனைத் திட்டமிட்ட வகை நாம் கருதத்தக்கது. 1868-இல் தாமே கான்ஸ்டாண்டினோப்பிள், பெய்ரூட், யாப்பா, கெய்ரோ முதலிய இடங்கட்குச் சென்று வழிகளை ஆராய்ந்தார். வெயில் கடுமையாகுமுன் யாத்திரையை முடிக்கவேண்டும். பல நாட்டு நாணயங்களை மாற்றவேண்டும். பாலஸ்தீனத்தின் பெரும்பகுதியில் வண்டிச்சாலையும் இல்லை, விடுதியும் இல்லை. 1869-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முப்பதின்மர்க்குச் சற்று மேற்பட்ட ஒரு குழுவோடு அவர் புறப்பட்டார். நீலநதியில் இரண்டு நீராவிக் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி எகிப்தின் பழங்கோயில்களைக் காட்டினார். பாலஸ்தீனத்தில் ஏறிச்செல்லக் குதிரைகள், சுமை தாங்கக் கோவேறு கழுதைகள், உறங்கவும் உண்ணவும் சமைக்கவும் தனித்தனிக் கூடாரங்கள், மொழிபெயர்ப்பாளர், பணியாளர் எனப் பெயர்ந்து செல்லும் ஊரொன்றையே உடன் கொண்டு சென்றார். நம் முன்னோர் கல்லால் மதிலெழுப்பிய பேட்டையை அவர் துணியால் எழுப்பினார் எனலாம்.

1872-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு சிறு குழுவோடு உலகைச் சுற்றப் புறப்பட்டு, அமெரிக்கா, ஜப்பான், சீனம், இலங்கை, இந்தியா ஆகிய நாடுகளைக் கண்டு, 222 நாட்களிற் பயணத்தை முடித்தார். காசியையும் ஆக்ராவையும் தில்லியையும் அவர் கண்டது அப்பயணத்திலேதான். விடுதிகளிற் பணத்திற்கு ஈடாகக் கொடுக்கும் சீட்டையும், அயல்நாடுகளிற் பணமாக மாற்றிக்கொள்ளும் சுற்றுப் பத்திரங்களையும் பெருவழக்கிற் கொணர்ந்தவரும் அவரே.

இத்துணைப் புகழுக்கிடையில் அவர் இல்லத்தில் ஒரு பிணக்கு முளைத்தது. மகன் ஜான் மேசன் குக் வாணிகத்தில் வல்லவர். தந்தையோ வாணிகத்தையும் இறைபணியையும் பிரித்தறியாதவர். ஊழியர்க்குக் கட்டணம் குறைப்பார். போகுமிடமெல்லாம் தருமப்பணிகளுக்குப் பொருள் வழங்குவார். இது வாணிகத்தை அழிக்குமென்றார் மகன். இதற்காகவன்றோ வாணிகம் என்று கருதினார் தந்தை. 1878-இல் தந்தை விலகினார். மகன் கருத்தும் புறக்கணிக்கத்தக்கதன்று. கணக்கறியாத அன்பு இறுதியில் யாத்திரிகரையே நடுவழியில் நிறுத்திவிடும். ஆயினும் தந்தையின் நோக்கமின்றி அந்நிறுவனம் தோன்றியே இராது.

மற்றொன்றும் நாம் கூறாதிருத்தல் கூடாது. கூலியாட்கட்காக ஒரு ஷில்லிங்கில் தொடங்கிய பயணம், எருசலேமை அடைந்தபோது பொருளுடையோர்க்கே எட்டுவதாயிற்று. மெல்பர்ன் தோட்டத்தில் ஒரு பென்னிக்கு உழைத்த சிறுவன், வளர்ந்தும் அக்கூலியோடே இருந்திருப்பின், குக்கின் கூடாரத்தில் அவனுக்கு இடமிராது. எளியோரின் யாத்திரை எத்தகைய இடர் உடையதாயிருந்தது என்பதற்கு 1880-ஆம் ஆண்டு நிகழ்ச்சியே சான்று. ஏறத்தாழ ஆயிரம் ஹஜ் யாத்திரிகரை ஏற்றிச் சென்ற ஜெட்டா என்னும் கப்பலை, அது மூழ்குமென அஞ்சி அதன் தலைவரும் மேலாளர்களும் நடுக்கடலில் விட்டு ஓடினர். யாத்திரிகரோடு அக்கப்பல் ஏடன் துறைமுகம் வந்து சேர்ந்தது. 1886-இல் இந்திய அரசாங்கத்தார், பம்பாயிலிருந்து செல்லும் ஹஜ் யாத்திரிகரின் பயண ஏற்பாட்டைக் குக்கின் நிறுவனத்தாரிடமே ஒப்படைத்தனர். அவ்வேற்பாடு சில ஆண்டுகளே நீடித்தது. ஏழை யாத்திரிகர்க்குச் செய்யும் பணியில் ஊதியம் காண்டல் அரிது.

குக்கின் முதுமை துயர் நிறைந்தது. 1880-இல் மகள் ஆனி இறந்தார். 1884-இல் மனைவி இறந்தார். கண்ணொளியும் வரவரக் குறைந்தது. அந்நிலையிலும் 1888-இல் மீண்டும் ஒருமுறை திருநாடு சென்று மீண்டார். தாம் பிறந்த மெல்பர்னில் முதியோர்க்கும் ஏழைகட்குமாகப் பதினான்கு வீடுகள் கட்டுவித்தார். 1892-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18-ஆம் நாள் உயிர் நீத்தார்.

அவர் பேரர்கள் 1928-இல் நிறுவனத்தை விற்றனர். கைமாறிக் கைமாறி வந்த அது, கடன் சுமை தாங்காது 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் முறிந்தது. அன்று அயல்நாடுகளில் இருந்த பிரிட்டானியப் பயணிகள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர். பொருட்காட்சிக்குக் குக் அழைத்துச் சென்ற தொகையே அது. அவர்களை ஊர் சேர்க்கும் பொறுப்பை அந்நாட்டரசு ஏற்க நேர்ந்தது. இந்தியாவில் அப்பெயர் தாங்கிய நிறுவனம் 2012-லேயே வேறு உடைமையாகிவிட்டமையின் அவ்வீழ்ச்சிக்கு ஆட்படவில்லை.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கது யாது? எருசலேமும் எகிப்தும் இன்று நம் மாவட்டத்தார்க்கும் எட்டாத் தொலைவில் இல்லை. எருசலேம் யாத்திரைக்குத் தமிழ்நாட்டரசும் உதவித்தொகைத் திட்டம் வகுத்தது. வண்ணத்தாளில் அச்சிட்ட யாத்திரை விளம்பரங்கள் நம் வீடுதோறும் வருகின்றன. தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசுக்குத் திரி வைத்தும் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த பணத்தை முன்பணமாகக் கொடுப்போரும் நம்மிடையே உளர். அவர்கள் சார்பில் மூன்று வினாக்களைக் கேட்கும் கடமை கற்றவராகிய நமக்கு உண்டு. அழைத்துச் செல்பவர் அவ்வழியைத் தாமே முன் சென்று பார்த்தவரா? தருவதாகச் சொன்னவற்றை எழுத்தில் தந்துள்ளாரா? முன்பணம் எங்கே, யார் பொறுப்பில் இருக்கின்றது? முதல் இரண்டற்கும் குக்கின் வாழ்க்கை விடை கூறும். மூன்றாவதன் அருமையை அவர் நிறுவனத்தின் வீழ்ச்சி கூறும்.

பல கண்டங்களிற் பரவிய அந்நிறுவனத்தின் பழைய கட்டடங்களிற் பல இன்று பிறர் கைப்பட்டன. மெல்பர்னில் அவர் ஏழைகட்குக் கட்டிய வீடுகளோ இன்றும் நிற்கின்றன.