ஜான் நியூட்டன்

ஜான் நியூட்டன் (ஜூலை 24, 1725 – டிசம்பர் 21, 1807) இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த குருவானவரும் ஆங்கில ஞானப்பாடல் ஆசிரியரும் ஆவார். இளமையில் மாலுமியாகவும், பின்னர் ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களின் தலைவராகவும் இருந்த இவர், முதுமையில் அதே வணிகத்துக்கு எதிராகச் சாட்சி கூறினார். உலகின் பல மொழிகளில் பாடப்படும் அமேசிங் கிரேஸ் (வியத்தகு அருள்) என்னும் பாடலை இயற்றியவர் இவரே. ஓல்னி என்னும் சிற்றூரிலும் பின்னர் லண்டன் மாநகரின் நடுப்பகுதியிலுமாக 43 ஆண்டுகள் சபைப்பணி ஆற்றினார்.

இளமை

நியூட்டன் லண்டனில் தேம்சு ஆற்றங்கரையில் மாலுமிகள் மிகுதியாக வாழ்ந்த வாப்பிங் பகுதியில் பிறந்தார். தந்தையார் நடுநிலக்கடல் வணிகத்தில் ஈடுபட்ட கப்பல் தலைவர். தாயார் எலிசபெத், அரசுத் திருச்சபையைச் சாராத சீர்திருத்தச் சபை ஒன்றைச் சேர்ந்தவர். ஐசக் வாட்சு என்னும் போதகர் சிறுவர்களுக்காக எழுதிய வினாவிடைகளையும் பாடல்களையும் அவர் மகனுக்கு மனப்பாடம் செய்வித்தார். மகன் போதகராக வேண்டும் என்பது அவரது விருப்பமாக இருந்தது. நியூட்டனுக்கு ஏழு வயது நிறைவதற்குள் தாயார் காசநோயால் இறந்தார். பதினோராம் வயதில் நியூட்டன் தந்தையுடன் கடற்பயணம் தொடங்கினார்.

1742 இல் கென்ட் மாவட்டத்தில் மேரி காட்லெட் என்னும் பெண்ணைச் சந்தித்து அவர்மீது காதல் கொண்டார். அடுத்து வந்த துன்பங்கள் நடுவிலும் இக்காதலே தம்மை உயிருடன் வைத்திருந்ததாகப் பிற்காலத்தில் குறிப்பிட்டுள்ளார்.

கடல் வாழ்க்கை

1744 இல் நியூட்டன் ஹார்விச் என்னும் போர்க்கப்பலில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார். தப்பியோட முயன்று பிடிபட்டதால் கசையடி பெற்றுப் பதவி இறக்கப்பட்டார். அக்காலத்தில் கடவுள் நம்பிக்கையை முற்றிலும் கைவிட்டிருந்த இவர், பிற மாலுமிகளின் நம்பிக்கையையும் கெடுப்பதில் மகிழ்ச்சி கொண்டார். பின்னர் அடிமைக் கப்பல் ஒன்றுக்கு மாற்றப்பட்டு மேற்கு ஆப்பிரிக்கா சென்றார். இன்றைய சியேரா லியோனி நாட்டின் கரையை அடுத்த பிளாண்டேன் தீவுகளில் வெள்ளைக்கார அடிமை வணிகர் ஒருவரிடம் வேலைக்கு அமர்ந்தார். அங்கே நோயுற்ற இவர், அவ்வணிகரின் ஆப்பிரிக்கத் துணைவியால் ஏறக்குறைய அடிமையாகவே நடத்தப்பட்டார். போதிய உணவும் உடையும் இன்றித் துன்புற்ற அந்நாட்களிலும் யூக்ளிடின் வடிவகணித நூல் ஒன்றை வைத்திருந்து, அதன் படங்களைக் கடற்கரை மணலில் குச்சியால் வரைந்து கற்றார்.

1747 இல் தந்தையின் வேண்டுகோளின்படி இவரைத் தேடிவந்த கிரேஹவுண்ட் என்னும் வணிகக் கப்பலில் ஏறினார். ஊர் திரும்பும் வழியில், 1748 மார்ச் 10 அன்று (புதிய நாட்காட்டியின்படி மார்ச் 21), வட அட்லாண்டிக் கடலில் அக்கப்பல் கடும்புயலில் சிக்கியது. நியூட்டன் பல மணிநேரம் நீரிறைத்தும் சுக்கானைப் பிடித்தும் போராடினார். சரக்கில் நீரைவிட எடை குறைந்த தேன்மெழுகு மிகுதியாக இருந்ததும் கப்பல் மூழ்காமைக்கு ஒரு காரணமாகும். ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குப் பின் கப்பல் அயர்லாந்தின் வடகரையை அடைந்தது. புயல் தாக்கிய அந்நாளை நியூட்டன் வாழ்நாள் முழுவதும் நோன்பு நாளாகக் கடைப்பிடித்தார்.

அடிமைக் கப்பல் தலைவர்

புயலில் மனம் மாறியவுடன் நியூட்டன் அடிமை வணிகத்தைக் கைவிட்டார் என்று பரவலாகக் கூறப்படுவது உண்மையன்று. அவர் கப்பல் தலைவரானதே அதன் பின்னர்தான். 1748 இல் பிரௌன்லோ என்னும் அடிமைக் கப்பலில் துணைத் தலைவராகச் சென்றார். 1750 பெப்ரவரி 1 அன்று மேரியை மணந்தார். 1750 முதல் 1754 வரை டியூக் ஆஃப் ஆர்கைல், ஆப்பிரிக்கன் ஆகிய கப்பல்களின் தலைவராக மூன்று முறை பயணம் செய்தார். இங்கிலாந்திலிருந்து சரக்குடன் மேற்கு ஆப்பிரிக்கா சென்று, அங்கு அடிமைகளை வாங்கி மேற்கிந்தியத் தீவுகளில் விற்றுத் திரும்புவது இப்பயணங்களின் முறையாகும்.

இப்பயணங்களில் அவர் எழுதிய நாட்குறிப்பு 1962 இல் அச்சிடப்பட்டது. அடிமைகளின் எண்ணிக்கை, விலை, இறப்பு ஆகியவை அதில் சரக்குக் கணக்குப் போலவே பதியப்பட்டுள்ளன. கலகம் செய்யத் திட்டமிட்டதாக ஐயப்பட்டவர்களிடம் விரல் நசுக்கும் கருவியைப் பயன்படுத்தியதும் அதில் உள்ளது. அதே காலத்தில் அவர் விவிலியம் வாசித்து வந்தார். மாலுமிகளைக் கூட்டி வழிபாடும் நடத்தினார். இவ்விரண்டுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக அப்போது அவருக்குத் தோன்றவில்லை. 1754 இல் அவர் கடல் வாழ்க்கையை விட்டதும் மனச்சான்றின் உறுத்தலால் அன்று. திடீரென ஏற்பட்ட வலிப்பு நோயே அதற்குக் காரணம்.

குருத்துவம்

1755 முதல் 1764 வரை லிவர்ப்பூல் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாகப் பணியாற்றினார். ஓய்வு நேரங்களில் கிரேக்கமும் எபிரேயமும் கற்றார். ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு, ஜான் வெசுலி ஆகிய மறுமலர்ச்சிப் போதகர்களுடன் பழகினார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாமையாலும், வெசுலி போன்றோருடன் கொண்ட தொடர்பாலும், குருப்பட்டத்துக்கான இவரது விண்ணப்பம் பலமுறை மறுக்கப்பட்டது. இறுதியில் டார்ட்மவுத் பிரபுவின் ஆதரவால் 1764 இல் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டில் வெளிவந்த இவரது தன்வரலாறு இவரை நாடறியச் செய்தது.

ஓல்னி

நியூட்டன் முதலில் நியமிக்கப்பட்ட இடம் பக்கிங்காம்சயர் மாவட்டத்தில் உள்ள ஓல்னி ஆகும். குறைந்த கூலிக்குப் பின்னல்சரிகை நெய்த ஏழைத் தொழிலாளர்கள் இவ்வூரில் மிகுதியாக வாழ்ந்தனர். ஜான் தார்ன்டன் என்னும் செல்வந்தர் ஏழைகளுக்கு உதவுவதற்கென ஆண்டுதோறும் 200 பவுண்டு வழங்கி வந்தார். நியூட்டன் வீடு வீடாகச் சென்று மக்களைச் சந்தித்தார். கூட்டம் பெருகியதால் கோவிலில் மேல்மாடம் ஒன்று கட்டப்பட்டது.

1767 இல் கவிஞர் வில்லியம் கூப்பர் ஓல்னியில் குடியேறினார். இருவர் வீடுகளுக்கும் இடையே ஒரு பழத்தோட்டமே இருந்தது. கூப்பர் கடும் மனச்சோர்வு நோயால் பலமுறை தற்கொலைக்கு முயன்றவர். நியூட்டன் அவரைத் தம்முடன் வீடுகளுக்கு அழைத்துச் சென்றார்; பாடல்கள் எழுதவும் தூண்டினார். 1773 சனவரியில் கூப்பரின் நோய் மீண்டும் முற்றியது. அதன்பின் நியூட்டனும் மேரியும் ஓராண்டுக்கும் மேலாக அவரைத் தம் வீட்டில் வைத்துப் பேணினர்.

ஓல்னி ஞானப்பாடல்கள்

அக்காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் முறையான வழிபாட்டில் பெரும்பாலும் சங்கீதங்களே செய்யுள் வடிவில் பாடப்பட்டன. எனவே நியூட்டன் புதிய பாடல்களை வாரநாட்களில் நடைபெறும் செபக்கூட்டங்களுக்காகவே எழுதினார். அன்றைய அருளுரையின் கருத்தை, எழுத்தறிவு குறைந்தவர்களும் நினைவில் கொள்ளுமாறு எளிய சொற்களில் பாடலாக்குவது அவரது வழக்கம். கூப்பரின் பாடல்களில் கவித்துவம் மிகுதி. நியூட்டனின் பாடல்களில் தெளிவும் பட்டறிவும் மிகுதி.

1779 இல் இவை ஓல்னி ஞானப்பாடல்கள் என்னும் தொகுப்பாக வெளிவந்தன. இதில் 348 பாடல்கள் உள்ளன. இவற்றுள் ஏறத்தாழ 280 நியூட்டன் எழுதியவை. எஞ்சியவை கூப்பர் எழுதியவை. கூப்பரின் நோயால் தொகுப்பு வெளிவரக் காலம் தாழ்ந்தது. நூலில் இசைக்குறிப்புகள் ஏதும் இல்லை. யாப்புக்குப் பொருந்தும் எந்த மெட்டிலும் பாடிக்கொள்ளலாம். அமேசிங் கிரேஸ் பாடல் 1773 ஆம் ஆண்டின் புத்தாண்டு நாள் அருளுரையை ஒட்டி எழுதப்பட்டது. அவ்வருளுரை, கடவுள் முன் அமர்ந்து தன் தகுதியின்மையை எண்ணி வியக்கும் தாவீது அரசனைப் பற்றியது (1 நாளாகமம் 17:16, 17). கடந்த கால மீட்பை நினைந்து வருங்கால நம்பிக்கைக்குச் செல்வது பாடலின் அமைப்பாகும்.

லண்டன்

1780 இல் நியூட்டன் லண்டனின் லொம்பார்டு தெருவில் உள்ள புனித மேரி வூல்நோத் கோவிலின் பங்குக்குருவாகப் பொறுப்பேற்றார். நிக்கலசு ஹாக்சுமூர் வடிவமைத்த இக்கோவில் 1727 இல் கட்டி முடிக்கப்பட்டது. சுற்றிலும் வங்கிகளும் வணிக நிலையங்களும் நிறைந்த இப்பகுதி, சரிகைத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஓல்னிக்கு நேர்மாறானது. கடல் வணிகத்தின் இலாபம் புழங்கிய தெருவில், அவ்வணிகத்தில் ஈடுபட்டிருந்த ஒருவர் போதிக்க நேர்ந்தது குறிப்பிடத்தக்கது. நகரின் பிற பகுதிகளிலிருந்தும் மக்கள் இவரது அருளுரை கேட்க வந்தனர். ஹாக்சுடன் பகுதியில் இருந்த இவரது வீடு இளம் போதகர்களுக்கும் மாணவர்களுக்கும் எப்போதும் திறந்திருந்தது. இவரால் ஊக்கம் பெற்றவர்களுள் ஒருவரான கிளாடியசு புக்கானன் பின்னர் இந்தியா வந்து, 1806 இல் தஞ்சாவூர் உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளில் பயணம் செய்து எழுதினார்.

இசை பற்றிய கருத்து

1784 இல் இசையமைப்பாளர் ஹாண்டலின் நினைவாக வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் பெரும் இசைவிழா நடைபெற்றது. மெசையா என்னும் இசைநாடகம் நகரெங்கும் பேசப்பட்டது. நியூட்டன் அதில் எடுத்தாளப்பட்ட விவிலியப் பகுதிகளைக் கொண்டு 50 அருளுரைகள் ஆற்றி, 1786 இல் நூலாக வெளியிட்டார். அவர் இசையை வெறுத்தவர் அல்லர். ஆயினும் மீட்பைப் பற்றிய சொற்கள் பொழுதுபோக்காக மட்டும் கேட்கப்படுவதைக் கண்டித்தார். விசாரணையை எதிர்நோக்கியிருக்கும் குற்றவாளிகள், அவ்விசாரணையையே இசையாக்கிக் கேட்டு மகிழ்வதற்கு இதனை ஒப்பிட்டார்.

அடிமை வணிக எதிர்ப்பு

1785 டிசம்பரில் வில்லியம் வில்பர்போர்சு என்னும் 26 வயது நாடாளுமன்ற உறுப்பினர் நியூட்டனை மறைவாகச் சந்தித்தார். சமய நாட்டம் கொண்ட அவர் அரசியலை விட்டு விலக எண்ணியிருந்தார். அரசியலில் இருந்துகொண்டே கடவுளுக்கும் நாட்டுக்கும் பணியாற்றலாம் என நியூட்டன் அறிவுறுத்தினார். வில்பர்போர்சு பின்னர் அடிமை வணிக ஒழிப்பு இயக்கத்தின் நாடாளுமன்றத் தலைவரானார்.

1788 இல் நியூட்டன் ஆப்பிரிக்க அடிமை வணிகம் பற்றிய எண்ணங்கள் என்னும் சிறுநூலை வெளியிட்டார். கடலை விட்டு அப்போது 34 ஆண்டுகள் கடந்திருந்தன. தாம் அவ்வணிகத்தில் பங்கு கொண்டதையும், தமது அறிக்கை காலம் கடந்து வருவதையும் அதில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கப்பலின் அடித்தளத்தில் அடிமைகள் அலமாரியில் நூல்களை அடுக்குவது போல நெருக்கிக் கிடத்தப்பட்டதையும், நோயையும், சித்திரவதைகளையும், பெண்கள்மீதான வன்முறையையும் நேரில் கண்டவராக விவரித்தார். இவ்வணிகம் மாலுமிகளின் மனத்தையும் கல்லாக்குவதாகச் சுட்டினார். நூலின் படிகள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டன. அரசரின் ஆலோசனைக் குழுவின் முன்பும், 1790 இல் நாடாளுமன்றக் குழுவின் முன்பும் அவர் சாட்சி கூறினார். ஒழிப்பு இயக்கத்தினரில் கப்பல் தலைவராக இருந்தே இவற்றைச் செய்தவரின் சாட்சி என்பதால், இது மறுக்க அரியதாக இருந்தது.

இறுதிக் காலம்

1790 டிசம்பரில் மேரி புற்றுநோயால் இறந்தார். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தாய் தந்தையரை இழந்த உறவினர் மகள் இருவரைத் தத்தெடுத்து வளர்த்தனர். பார்வையும் நினைவாற்றலும் குன்றியபோதும் நியூட்டன் 1806 வரை அருளுரை ஆற்றினார். 1807 மார்ச் 25 அன்று பிரித்தானியாவின் அடிமை வணிக ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று நியூட்டன் தமது 82 ஆம் வயதில் காலமானார். குடியேற்ற நாடுகளில் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் 1833 இல்தான் வந்தது.

கோவிலின் கீழ் மனைவியின் அருகே இவர் அடக்கம் செய்யப்பட்டார். நிலத்தடித் தொடருந்துப் பாதைப் பணிகளுக்காக 1893 இல் இருவரின் உடல் எச்சங்களும் ஓல்னிக்கு மாற்றப்பட்டன.

பாடலின் பிற்கால வரலாறு

அமேசிங் கிரேஸ் இங்கிலாந்தில் நெடுங்காலம் பெரிதாக அறியப்படவில்லை. அமெரிக்காவில் வில்லியம் வாக்கர் 1835 இல் வெளியிட்ட பாடல்நூலில் அது நியூ பிரிட்டன் என்னும் மெட்டுடன் இணைக்கப்பட்டது. இன்று பாடப்படும் மெட்டு அதுவே. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களான ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் சபைகளில் இப்பாடல் ஆழமாக வேரூன்றியது. 1947 இல் மகாலியா ஜாக்சனும், 1972 இல் லாசு ஏஞ்சலசு நகரின் வாட்சு பகுதியில் உள்ள கோவிலில் அரேத்தா பிராங்கிளினும் இதனைப் பாடிப் பதிவு செய்தனர். 2015 இல் சார்ல்ஸ்டன் நகரக் கோவிலில் சுட்டுக்கொல்லப்பட்ட போதகரின் இறுதிச் சடங்கில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா இப்பாடலைப் பாடினார்.

முக்கியப் படைப்புகள்

- தன்வரலாறு (1764)
- ஓல்னி ஞானப்பாடல்கள், வில்லியம் கூப்பருடன் இணைந்து (1779)
- மெசையா பற்றிய அருளுரைகள் (1786)
- ஆப்பிரிக்க அடிமை வணிகம் பற்றிய எண்ணங்கள் (1788)
- மனைவிக்கு எழுதிய கடிதங்கள் (1793)