தண்ணொளி கண்ட லோசெவ்

பெருநாள் இரவுகளில் எம் அட்டாளைச்சேனைப் பள்ளிவாசல் முகப்புகளிற் சுடரும் வண்ண விளக்குகளை யாவரும் அறிவர். 2022 இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட கொழும்புத் தாமரைக் கோபுரமும் இரவில் அத்தகைய ஒளியையே உடுத்து நிற்கின்றது. ஒஸ்திரியா நாட்டு லின்ஸ் நகரிலோ புதுமை இன்னும் மிகுதி. அங்கே 2009 இல் திறக்கப்பெற்ற ஆர்ஸ் எலெக்ட்ரோனிக்கா நிலையத்தின் கண்ணாடிச் சுவர்களில் ஏறத்தாழ 40,000 சிறு விளக்குகளைப் பதித்து, வெளியே நிற்போரே அவற்றின் நிறத்தை மாற்றுதற்கும் வழிசெய்தனர்.

எல்.இ.டி. என உலகம் வழங்கும் இவ்விளக்கை எம் பாடநூல்கள் ஒளிகாலும் இருவாயி என்கின்றன. காலுதல் என்னும் பழஞ்சொல் பௌதிக நூலில் உயிர்பெற்றிருத்தல் கண்டு தமிழாசிரியனாகிய நான் மகிழ்வதுண்டு. ஆயின் அவ்வொளியின் இயல்பை ஆராய்ந்து தெளிந்த ஒலெக் லோசெவ் என்னும் ருஷ்யரின் வரலாறு மகிழ்தற்குரியதன்று.

1903 மே 10 ஆம் நாள் தவேர் நகரிற் பிறந்த லோசெவ், 1920 இல் நீஷ்னி நொவ்கொரொட் வானொலி ஆய்வுகூடத்திற் சிறு பணியொன்றில் அமர்ந்தார். பல்கலைக்கழகக் கல்வி அவருக்கு வாய்த்திலது. எனினும் 1922 இல், படிகமொன்றைக் கொண்டு வானொலி அலைகளைப் பெருக்கும் முறையைக் கண்டறிந்தார். மேனாட்டு வானொலி இதழ்கள் வியந்து எழுதின. அதனைக் கண்டறிந்தபோது அவருக்கு இருபது வயதும் நிரம்பியிருக்கவில்லை.

பின்னர்க் காபொரண்டப் படிகத்தை ஆராய்ந்தார். ஊசிமுனை தொடும் இடத்தில் மின்னோட்டம் பாய்கையில் மெல்லொளி ஒன்று தோன்றிற்று. ஆங்கிலப் பொறியியலாளர் ரவுண்ட் 1907 இலேயே இதனைக் கண்டு, சிறு குறிப்பொன்று வரைந்து அமைந்துவிட்டார். ஏட்டுச்சுவடிகளைக் கண்டவர் பலரிருக்க, அவற்றை ஆராய்ந்து பதிப்பித்த தாமோதரம்பிள்ளையையே நாம் போற்றுகின்றோம். அம்முறை பற்றியே இவ்வொளியின் புகழை லோசெவுக்கு உரித்தாக்குவேன். எளிதில் ஆவியாகும் திரவத்துளி ஒன்றை ஒளிரும் இடத்தில் இட்டுப் பார்த்தார். அது விரைந்து ஆவியாகவில்லை. ஆதலின் இது சூட்டினாற் பிறவாத தண்ணொளி எனத் தெளிந்தார்.

அத்தெளிவே அடுத்த படிக்கு வழிகாட்டியது. இழைவிளக்கு சூடேறியே ஒளிரவேண்டும், ஆறியே அணையவேண்டும். இதுவோ மின்னோட்டம் ஏவிய கணமே ஒளிரும். விட்ட கணமே அணையும். இப்பணிவைக் கொண்டு செய்தி அனுப்பலாம் என உணர்ந்து, 1927 இல் அதற்கான கருவிக்குக் காப்புரிமை வேண்டினார். இன்று ஒருவன் கையசைக்கச் சுவரொன்று நிறம் மாறி விடையிறுப்பதும் அப்பணிவினாலேயே.

1928 இல் அவ்வாய்வுகூடம் லெனின்கிராட்டுடன் இணைக்கப்பட, அவரும் அங்குச் சென்றார். 1937 முதல் மருத்துவ நிறுவனமொன்றிற் பௌதிகம் கற்பித்தார். ஆய்வேடு கேளாமலே 1938 இல் அவருக்குப் பட்டம் அளித்தனர். காலந்தாழ்ந்தேனும் அச்சிறப்புக் கிட்டியது. ஆனால் 1941 செப்ரெம்பரில் ஜேர்மானியப் படை நகரை முற்றுகையிட்டது. பல இலட்சம் மக்கள் உணவின்றி மாண்டனர். 1942 ஜனவரி 22 ஆம் நாள், முப்பத்தெட்டு வயதில், லோசெவும் பசியால் உயிர் நீத்தார்.

1962 இல் அமெரிக்கரான ஹொலொன்யாக் செவ்வொளி விளக்கை ஆக்கினார். நீலவொளிக்காக ஜப்பானில் பிறந்த மூவர் 2014 இல் நோபல் பரிசு பெற்றனர். லோசெவின் பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்து, அவரது முதன்மையை ஆய்வுலகுக்கு 1976 இல் எடுத்துரைத்தவர் எகோன் லோப்னர் என்னும் அமெரிக்க ஆய்வாளர். லோசெவ் இறந்து அப்போது முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.